பலகையைத் துடைத்தீர்களா?

வேலூரில் பிறந்து, வேலூரில் வளர்ந்து, இன்னும் வேலூரிலேயே வியர்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தியை, சுவிட்சர்லாந்து மலையில் பனிச்சரிவு வருமா வராதா என்று பார்க்கிற ஆட்களுக்கு மேடையில் பேசக் கற்றுக்கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களுக்குப் புத்தி இல்லை என்றார் என் வீட்டுக்காரர். விசா வந்த அன்று, எனக்குத்தான் புத்தி இல்லை என்று திருத்திக்கொண்டார். அப்புறம் பீரோ மேலிருந்து மங்கி குல்லாவை எடுத்து, தூசி தட்டி, என் பெட்டியில் வைத்தார்.

என் தொழில், கையால் வேலை செய்கிறவர்களை மைக் முன்னால் நிறுத்துவது. கம்பத்தில் ஏறுகிறவன் ஒருத்தன், கம்பத்தைப் பற்றி மாநாட்டில் பேசுகிறவன் இன்னொருத்தன் என்பது எனக்கு ஆகவே ஆகாது. மின்வாரிய வயர்மேன்களைப் பேச வைத்திருக்கிறேன். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் வாரிக் கொட்டுகிற சாலைப் பணியாளர்கள் நாலு பேரை ஊட்டியில் ஒரு கருத்தரங்கில் பேச வைத்தேன். அந்தக் கூட்டத்தில் ரெகுலா உட்கார்ந்திருந்தார். பனி ஆராய்ச்சி செய்கிற சுவிஸ்காரர், நாற்பது வயதிருக்கும். “எங்கள் ஆட்களும் இப்படித்தான். எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்” என்றார். நான் பேசுவது தமிழ் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆட்களிலேயே கெட்டிக்காரர் ஒரு தமிழராம். ஜனவரியில் ஃப்ரிபூர்க் நகரத்தில் களப்பணியாளர் மாநாடு. அதற்குள் அவரைப் பேச வைக்க வேண்டும். எனக்கு ஐந்து நாள்.

முதல் நாளே ஊரைக் கோட்டை விட்டேன், அதுவும் இரண்டு தடவை. மலையேறுகிற குட்டி ரயில் அது. சின்ன ஸ்டேஷன்களில் இறங்க வேண்டுமானால் கதவோரம் உள்ள பட்டனை முன்கூட்டியே அழுத்த வேண்டும். யார் கண்டது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குல்லாவும் மாட்டிக்கொண்டு கதவருகே தயாராக நின்றேன். நான் இறங்க வேண்டிய ஊர் வந்தது, பெயரைப் படித்தேன், போய்விட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, முக்கால் மணி நேரம் குளிரில் நின்று, திரும்பி வருகிற ரயிலில் ஏறினேன். இந்தத் தடவை நிறுத்தாமலா போய்விடுவான் என்று மறுபடி நின்றேன். மறுபடி போய்விட்டது. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸாக இருந்தால் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, டிரைவரின் பரம்பரையையே விசாரித்திருப்பேன்.

மூன்றாவது ரயிலில் எதிர் சீட்டில் ஒரு வயதான அம்மாள், மடியில் நாய். டிக்கெட் பரிசோதகர் வந்ததும் இரண்டு டிக்கெட் நீட்டினார். “இவனுக்கு நாள் முழுக்கச் செல்லும் டிக்கெட். எனக்குப் பாதி டிக்கெட்” என்று என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். என் கதையைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல், எழுந்துபோய் எனக்காகப் பட்டனை அழுத்தினார். நாயும் கூடவே போய் அவர் அழுத்துவதைப் பார்த்துவிட்டு வந்தது.

ரயிலடியில் பெரிய விளம்பர போர்டு ஒன்று. அதன் கீழே ரெகுலாவும், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு கறுத்த, ஒல்லியான மனிதரும் நின்றார்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “சுற்று வட்டாரத்திலேயே அதிகப் பனி விழும் ஊர்” என்று ரெகுலா பெருமையாக மொழிபெயர்த்தார். இரண்டு வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் பக்கத்துப் பள்ளத்தாக்குகளைவிட அதிகமாகப் பனி விழுகிறதாம். காரணம் யாருக்கும் புரியவில்லை. அதைப் பற்றித்தான் அவருடைய அடுத்த ஆராய்ச்சிக் கட்டுரை. அவர் சொல்லச் சொல்ல, அந்த ஒல்லி மனிதர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சிவநேசன். வாங்கோ ரீச்சர், சரியான குளிர்” என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து, ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவி, பிறகு பனிச்சறுக்கு லிஃப்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து பனி அளக்கிறவராகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பிற்பாடு கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

அவர் என்ன பேச வேண்டும் என்பதை அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரெகுலா சொன்னார். சாப்பாடு, உருளைக்கிழங்கைத் துருவி வெண்ணெயில் அடையாக வார்த்த ஒரு பதார்த்தம். அதன் மேலே சீஸ், பக்கத்திலும் சீஸ். இரண்டு வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை விடியற்காலை சிவநேசன் கொடுத்த அளவைப் பார்த்துப் பள்ளிக்கூட ரோட்டை மூடினார்கள். ஏழே முக்காலுக்கு மலையிலிருந்து பனி இறங்கி அந்த ரோட்டை அப்படியே மூடியது. ஏழே முக்கால் பள்ளிக்கூடப் பஸ் அந்த வளைவைத் தாண்டுகிற நேரம். பஸ் ஷெட்டில் நின்றது, பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் ஒருவரும் ரோடு மூடவில்லை. இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அதைத்தான் மாநாட்டில் எல்லோரும் கேட்கக் காத்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி ஒரு கதை கையில் கிடைத்தால் போதும், நான் கல்லையும் பேச வைப்பேன் என்று நினைத்தேன். என் வாய்க்கொழுப்பு அது.

இரண்டாம் நாள் தீயணைப்பு நிலையத்து மாடியில் ஒத்திகை. சிவநேசனோடு இன்னொருவரும் பேச வேண்டும். அவர் பெயர் ஹான்சுவேலி, ரோட்டில் பனி வழிக்கிற வண்டியை ஓட்டுகிறவர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். ஜெர்மன் மட்டும்தான் பேசுவார், அதையும் பேச மாட்டார். சிவநேசன் மொழிபெயர்க்க, அவர் பேச்சைக் கேட்டேன்.

“பனி பெய்தது. ரோட்டை மூடினோம். பனி இறங்கியது. ரோட்டில் யாரும் இல்லை. நன்றி.”

பத்து நிமிடம் பேச வேண்டும் ஐயா என்றேன். யோசித்தார். அதையே மெதுவாகச் சொன்னார்.

இரண்டு பேரும் சேர்ந்து மேடையேறுங்கள் என்றால் முடியவே முடியாது என்றார்கள். ஆபத்தான சரிவைக் கடக்கும்போது ஒரு நேரத்தில் ஒருவர்தான் போவார்களாம். மற்றவர் பத்திரமான இடத்தில் நின்று, போகிறவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாராம். பனி இறங்கினால், கடைசியாக எங்கே தெரிந்தார் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. “இது மேடை, சரிவு இல்லையே” என்றேன். ஹான்சுவேலி மேடையைப் பார்த்தார், காலி நாற்காலிகளைப் பார்த்தார், ஏதோ சொன்னார். “வித்தியாசம் தெரியேல்லையாம்” என்றார் சிவநேசன்.

சிவநேசன் மேடையேறியதும் முதல் வேலையாக மைக் வைத்திருந்த மேசையைத் தட்டினார். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. அப்புறம் முழங்கையிலிருந்து. தோளிலிருந்து இன்னும் ஒரு பத்து பாக்கியாம். பனியில் ஒரு தூண் வெட்டி, மேலே மண்வெட்டியை வைத்து இப்படித் தட்டி, எத்தனையாவது தட்டில் உடைகிறது என்று பார்ப்பது இவர்கள் வழக்கம். பதினாலாவது தட்டில் மேசை மேலிருந்த என் பிளாஸ்க் விழுந்தது. “பதினாலு” என்றார், தன்பாட்டுக்கு.

முதல் படம், இரண்டாவது படம், மூன்றாவது படம் எல்லாம் நன்றாகத்தான் போனது. நாலாவது படம் ஒரு வெள்ளைப் பலகை, நடுவில் அளவுகோல் குச்சி. அதைக் கண்டதும் நின்றார். “இஞ்ச திரும்புறன்” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி நாலாவது படத்தில் திரும்பினார். ஐந்து தடவை. ஹான்சுவேலி ஒவ்வொரு தடவையும் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். சந்தேகம் வந்தால் திரும்புவதுதான் இந்தத் தொழிலில் மரியாதையாம். எங்கள் ஊரில் மேடையிலிருந்து ஒருத்தரை இறக்குவதற்குத்தான் துண்டுச்சீட்டு அனுப்புவோம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அண்ணே, ஜனங்களுக்குக் கதை வேணும். இப்படி ஆரம்பிங்க: அன்னிக்கு விடிகாலையில பனி எங்கிட்ட பேசிச்சு.”

“பனி கதைக்காது ரீச்சர்.”

“பேசின மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

“அப்பிடியும் இருக்கேல்லை” என்றார். நான் கேட்கவில்லை. பனி பேசியது என்ற வரியை எழுதி, அடிக்கோடு போட்டு, அவர் சட்டைப் பையில் திணித்தேன்.

சாயங்காலம் அவர் வீட்டில் சாப்பாடு. மனைவி ரதி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். குழல் புட்டு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, தேங்காய்ச் சம்பல். இரண்டு நாள் சீஸுக்குப் பிறகு அந்தச் சம்பலைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது, காரம் வேறு. ஹான்சுவேலியும் வந்திருந்தார். சம்பலை ரொட்டியில் தடவி, அதன் மேல் சீஸ் வைத்து, வாயைத் திறக்காமல் ஏழு துண்டு தின்றார்.

பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மாட்டு மணி தொங்கியது. தோல் பட்டையில் சிவநேசன் பெயரை எழுத்தெழுத்தாகப் பொறித்திருந்தார்கள். ரோட்டை மூடியதற்காகக் கெமைண்ட, அதாவது ஊர் நிர்வாகம், கொடுத்த மரியாதை. “அடிச்சுப் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“ஒருக்கா அடிச்சனாங்கள். கீழ்வீட்டு மனுசி கடிதம் போட்டவ” என்றார் ரதி. பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்த மணி வந்த நாளில இருந்து இவருக்கு நித்திரை இல்லை அக்கா. பனி பெய்ஞ்சா விடியவிடிய ஜன்னலடியில நிப்பார்” என்றார். பொறுப்பான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். மரமண்டை எனக்கு.

ராத்திரி முழுக்கப் பனி பெய்தது. மூன்றாம் நாள் விடியற்காலை ஆறு மணிக்கு, நானும் வருகிறேன் என்று அவரோடு கிளம்பினேன். பேசுகிறவரின் வேலையைக் கண்ணால் பார்க்காமல் பயிற்சி கொடுக்க மாட்டேன் என்பது என் கொள்கை. கொள்கை மூன்றாவது அடியிலேயே இடுப்பளவு பனியில் இறங்கிவிட்டது. ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் போகிறது. சிவநேசன் என்னை இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, “என்ர கால்தடத்தில வாங்கோ” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் வேலி கட்டிய ஓர் இடம். பனியின் மேல் ஒரு வெள்ளைப் பலகை கிடக்கும், ராத்திரி விழுகிற பனி அதன் மேல் சேரும். காலையில் அதன் உயரத்தை அளக்க வேண்டும். அளந்ததும் பலகையைச் சுத்தமாகத் துடைத்து, திரும்பப் பனியின் மேல் வைக்க வேண்டும். மறுநாள் அளவு அன்றைய ஒரு நாளுக்கு மட்டும் வர வேண்டுமே. இவ்வளவுதான் வேலை, எங்கள் தெருவில் மழைமானி பார்க்கிற ஆளின் வேலையேதான்.

குச்சியை நானும் குனிந்து பார்த்தேன். இருபத்துநாலு சென்டிமீட்டர். அவர் போனை எடுத்து, கையுறையைக் கழற்றி, எண்ணைத் தட்டினார். ஐம்பத்தொன்று.

“அண்ணே, இருபத்துநாலு” என்றேன்.

அவர் பலகையைத் துடைத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கீழே ரோட்டில் ஹான்சுவேலியின் வண்டி வந்து நின்றது. அவர் இறங்கி, தடுப்புக் கட்டையைத் தாழ்த்தி, ரோட்டை மூடினார். மேலே எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

“ஐம்பது வந்தாத்தான் ரோட்டை மூடுவினம்” என்றார் சிவநேசன். அப்புறம் அங்கேயே, பனியில் நின்றபடி, எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், பெர்ன் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் அவர் தங்கச்சி மகளுக்குச் சாமத்திய வீடு. நம் பக்கத்தில் மஞ்சள் நீராட்டு. இவர் தாய்மாமன். தாய்மாமன் போகாமல் அந்தச் சடங்கு நடக்குமா? காலையில் அளந்தார், இருபத்தாறு. அதைப் போனில் அனுப்பினார். சீர்த்தட்டுகளையும் பலகாரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார். பலகையைத் துடைக்க மறந்துவிட்டார். மறுநாள் காலை பலகையில் இரண்டு நாள் பனி இருந்தது. சடங்கில் ஆடிய களைப்பில் அதை அப்படியே அளந்து, ஐம்பத்திரண்டு என்று அனுப்பிவிட்டார். ஊர் பதறி ரோட்டை மூடியது. பனி உண்மையிலேயே இறங்கியது.

“நான் பிழை விட்டனான் ரீச்சர். அவை மணி தந்தவை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் மேற்கொண்டு சொன்னது சிரிக்கிற விஷயமாக இல்லை. அந்த ஐம்பத்திரண்டை வைத்துக் கெமைண்ட ஒரு விதி போட்டுவிட்டது: ஒரே நாளில் ஐம்பது விழுந்தால் ரோடு மூட வேண்டும், அதற்குக் குறைந்தால் திறந்திருக்கும். ஆனால் அன்று உண்மையில் விழுந்தது இருபத்தாறும் இருபத்தாறும். இரண்டு நாள் தொடர்ந்து அவ்வளவு விழுந்தாலே அந்தச் சரிவு இறங்கும் என்பது இந்த உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். பயமாக இருக்கு, மூடுங்கள் என்று சொல்லிப் பார்த்தாராம். எண் என்ன என்று கேட்டார்களாம். அதனால் பயமான நாளெல்லாம் எண்ணைக் கூட்டி அனுப்ப ஆரம்பித்தார். இரண்டு குளிர்காலமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயிலடி போர்டு, பக்கத்து ஊரைவிட அதிகப் பனி, ரெகுலாவின் ஆராய்ச்சி எல்லாமே இவருடைய கட்டைவிரல்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. “விடுங்கண்ணே. பஸ்ஸு தப்பிச்சுது, பிள்ளைங்க தப்பிச்சுது. ரெண்டு வார்த்தை பேசிட்டு, நன்றி சொல்லி இறங்கிடுங்க. எதுக்கு வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கணும்?”

“பெப்ரவரியில எனக்கு முழங்கால் ஆபரேஷன். ரெண்டு மாசம் ஹான்சுவேலிதான் அளப்பான்” என்றார். “அவன் இருபத்துநாலு எண்டா இருபத்துநாலு எண்டுதான் எழுதுவான். ரோடு திறந்திருக்கும். பஸ் போகும்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். இருபத்தைந்து வருடத் தொழிலில் அபூர்வமாக நடக்கிற விஷயம்.

நாலாம் நாள் ஒத்திகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் வேலை போகலாம், இருபது வருடத்து மரியாதை போகலாம், ரெகுலாவுக்குத் துரோகி ஆகலாம். சொல்லாவிட்டால் பெப்ரவரி வருகிறது. இதற்கு என்ன பயிற்சி கொடுப்பது? மூச்சை இழுத்து விடுங்கள் என்றா? அவர் சட்டைப் பையில் திணித்த காகிதத்தை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கி, கிழித்துப் போட்டேன். கிழித்த காகிதத்தை எந்தக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும் என்று ரதி பத்து நிமிடம் வகுப்பெடுத்தார். அந்த ஊரில் குப்பைக்கு இருக்கிற ஒழுங்கு எங்கள் மாநகராட்சிக்கே கிடையாது.

ஐந்தாம் நாள் ஃப்ரிபூர்க். பாதி ஊர் பிரெஞ்சு, பாதி ஊர் ஜெர்மன், தெருப்பெயர்கூட இரண்டு. மண்டபம் முழுக்க வெவ்வேறு மலைகளிலிருந்து வந்த களப்பணியாளர்கள். அத்தனை பேரும் கதவுக்குப் பக்கத்து நாற்காலிகளைத்தான் பிடித்திருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு காலி இடம் விட்டு. முன்வரிசையில் ரெகுலா, மடியில் கணினி. பக்கத்தில் கெமைண்ட தலைவர், கைதட்டுவதற்கென்றே மனைவியோடு வந்திருந்தார். மேடையில் பேசுவதைக் காதில் மாட்டுகிற கருவியில் ஆங்கிலத்தில் கேட்கலாம். மொழிபெயர்க்கிற பெண்ணுக்கு ரயில் அறிவிப்பு செய்கிற உற்சாகமான குரல்.

ஹான்சுவேலி முதலில் போனார். பனி பெய்தது, ரோட்டை மூடினோம், பனி இறங்கியது, ரோட்டில் யாரும் இல்லை, நன்றி. கூட்டம் ஆரவாரமாகக் கைதட்டியது. அவர்களுக்கு அதுவே நீளம் போலிருக்கிறது. இறங்கிவந்து, படிக்கட்டுக்கு அருகே நின்று, சிவநேசனைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். நான் பார்க்கிறேன், நீ போகலாம் என்று அர்த்தம்.

சிவநேசன் ஏறினார். மேசையைத் தட்டினார், மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளிலிருந்து பத்து. ஒருவரும் சிரிக்கவில்லை. பலருடைய உதடுகள் கூடவே எண்ணின. முதல் படம், இரண்டாவது, மூன்றாவது. நாலாவது படத்தில் அந்தப் பலகை வந்தது. நின்றார். “இங்கே நான் திரும்புகிறேன்” என்று உற்சாகமான குரல் என் காதில் சொன்னது.

படிக்கட்டு வரை வந்துவிட்டார். ஹான்சுவேலி வழியை விடவில்லை. ஏதோ மெதுவாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். “இங்கே சரிவு இல்லை. பனி எவ்வளவு என்று வழிக்கிறவனுக்குத் தெரியாதா? இரண்டு வருடமாகத் தெரியும். போய்ச் சொல்.” இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றாராம்.

சிவநேசன் திரும்பி நடந்தார்.

“பலகையைத் துடைக்க மறந்துவிட்டேன்” என்றது உற்சாகமான குரல். அதற்குப் பிறகு சாமத்திய வீடு, சீர்த்தட்டு, ஐம்பத்திரண்டு, மணி, கூட்டி அனுப்பிய நாள்கள் எல்லாம் அதே குரலில் வரிசையாக வந்தன. தாய்மாமன் என்கிற இடத்தில் மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் திணறியது. பேசி முடித்துவிட்டு, “நன்றி” என்றார். ரெகுலா கணினியை மூடினார். போச்சு, இந்த மனுஷனை மேடையேற்றி ஒழித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பின்வரிசையில் ஒரு தாடிக்காரர் கையைத் தூக்கினார். “ஒரு கேள்வி. பலகை துடைக்கிற பிரஷ்ஷை எங்கே வைப்பீர்கள்?”

“வீட்டில, கதவடியில.”

“அங்கேதான் தப்பு. வேலியிலேயே கட்டித் தொங்கவிட வேண்டும்.”

மண்டபம் முழுக்க ஆட்கள் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள். இன்னொரு கை எழுந்தது. பிரஷ் உறைந்துவிடாதா? குதிரைமுடி பிரஷ் உறையாது என்றார் வேறொருவர். பிளாஸ்டிக் நல்லது என்றார் ஒரு பெண். இருபது நிமிடம் பிரஷ்ஷைப் பற்றி விவாதம் நடந்தது. ஏமாற்றுக்காரன் என்று ஒருத்தராவது சொல்வாரென்று நான் காத்திருந்தேன். அவர்கள் குதிரைமுடியை விட்டு நகரவே இல்லை.

கெமைண்ட தலைவர் கடைசியாக எழுந்தார். முகம் சிவந்திருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அப்படியானால் எவ்வளவு விழுந்தால் வரும்?”

“ரெண்டு நாள் தொடர்ந்து இருபத்தாறு” என்றார் சிவநேசன். தலைவர் பேனாவை எடுத்து, காகிதம் இல்லாததால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

வெளியே காப்பி மேசைக்குப் பக்கத்தில் ரெகுலா அவரைப் பிடித்தார். அடிக்கப் போகிறாரோ என்று நான் நடுவில் போய் நின்றேன். “உண்மையான எண்கள் எதுவும் மிச்சம் இருக்கிறதா?” என்று கேட்டார். சிவநேசன் உள்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு நாளுக்கும் குச்சி சொன்ன எண், இரண்டு வருடத்துக்கும். ரெகுலா அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து புரட்டினார். பக்கத்துப் பள்ளத்தாக்கு எண்களோடு பொருந்தியிருக்க வேண்டும், ஒரு கட்டத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டார். “என் கட்டுரை போயிற்று” என்றார். பிறகு, “உன்மேல் எனக்குக் கோபம். ரொம்ப நாள் இருக்கும். இதை நகல் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார்.

நான் வேலூர் வந்து சேர்ந்த பிறகு மீதி விவரங்கள் போனில் வந்தன. ஊர்க் கூட்டத்தில் மூன்று வாரம் பேசினார்கள். வேலை போகவில்லை. கண்டித்து ஒரு கடிதம் வந்தது, பதிவுத் தபாலில். ரோட்டு விதியை மாற்றினார்கள். பனி அளவுப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள்: பலகை துடைக்கப்பட்டதா, ஆம், இல்லை. ரயிலடி போர்டை ஹான்சுவேலி கழற்றிக்கொண்டு போய்த் தன் மாட்டுக் கொட்டிலுக்குக் கதவாகப் போட்டார். மணியைத் திருப்பிக் கொடுக்கப் போன சிவநேசனைக் கெமைண்ட திருப்பி அனுப்பிவிட்டது. பெயரைப் பொறித்தாகிவிட்டது, இனி யாருக்குக் கொடுப்பது என்று கேட்டார்களாம்.

பெப்ரவரி கடைசியில், இங்கே வெயில் ஆரம்பித்திருந்த ஒரு மத்தியானம், மோர் குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. முழங்காலில் கட்டோடு வீட்டில் இருக்கிறார்.

“ரீச்சர், ஹான்சுவேலி முதல் நாள் இருபத்தேழு குடுத்தவன், அடுத்த நாள் இருபத்தெட்டு. ரெண்டு நாளும் பலகை துடைச்சவன். உடனே ரோட்டை மூடிப்போட்டாங்கள். இண்டைக்கு மூண்டாம் நாள். மலையில இருந்து ஒரு பிடி பனிகூட வரேல்லை. கடைக்காரன் ஏசுறான், பால்காரன் ஏசுறான், தலைவர்ர மனுசி வீட்டுக்கே வந்து ஏசிப்போட்டுப் போறா. பிழையாச் செய்யேக்க மணி தந்தவை, சரியாச் செய்யேக்க ஏச்சு.”

வருத்தமா அண்ணே என்று கேட்டு அனுப்பினேன். பதில் வந்தது.

“இல்லை ரீச்சர். பிள்ளையள் வீட்டில நிக்கினம். நான் மூண்டு நாளா நல்லா நித்திரை கொள்ளுறன்.”